ஐந்து விநாடிப் பரிசு



சைக்கிள் பந்தயம் என்றவுடன் நமக்கு என்ன தோன்றும்? முதலில் வந்தவனுக்குக் கோப்பை, இரண்டாவதாக வந்தவனுக்குக் கைதட்டல், மற்றவர்கள் எல்லாம் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஓட்டப்பந்தயம் போல இதுவும் தனி ஆள் விளையாட்டு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்துக் கொண்டிருந்தேன். அது சுத்தத் தவறு. ரோடு சைக்கிள் பந்தயம் என்பது கூட்டு வேலை. சொல்லப்போனால் நம்ம பிராஜக்ட் பேட்ச் மாதிரி. ஒரு பேட்சில் யார் உழைப்பது, யார் பெயர் முன்னால் வருவது என்பதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே!

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு தென்னாப்பிரிக்க வீரரின் வாழ்க்கை. அவர் பெயர் டேரில் இம்பி. 2008 முதல் 2023 வரை ஐரோப்பிய ரோடுகளில் சைக்கிள் மிதித்துச் சம்பாதித்தவர். உலகச் சாம்பியன் அல்ல. பெரிய மலைகளில் எல்லோரையும் உதறிவிட்டுப் பறக்கும் ரகமும் அல்ல. ஆனாலும் ஆப்பிரிக்கக் கண்டத்தில் அவருக்கு முன்னால் யாரும் போடாத ஒரு சட்டையை இரண்டு நாள் போட்டிருந்தார். அந்தச் சட்டை அவருக்கு எப்படிக் கிடைத்தது, பிறகு அவருடைய பெயர் எப்படிக் கெட இருந்தது, எப்படித் தப்பியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

காற்றுதான் முதல் எதிரி

முதலில் கொஞ்சம் தியரி. பயப்படாதீர்கள், பரீட்சைக்கு வராது!

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் 'டிராக்' என்று ஒன்று படித்திருப்போம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போவதற்கு வேண்டிய பவரோ எட்டு மடங்கு! மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவன் 60 கிலோமீட்டரில் போக வேண்டுமானால், காற்றுக்கு மட்டுமே முன்பைப் போல் சுமார் 3.4 மடங்கு பவர் கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒன்றரையை ஒன்றரையால் இரண்டு முறை பெருக்கிப் பாருங்கள்.

சமதளத்தில் வேகமாகப் போகும்போது சைக்கிள்காரன் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றுக்கே போய்விடுகிறது. அதனால்தான் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகிறார்கள். முன் சக்கரத்துக்கும் முன்னவரின் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஜாண் இருந்தால் அதிகம். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான். பின்னால் வருகிறவன் கிழிந்த வழியில் நுழைந்துகொள்கிறான். வேகத்தையும் இடைவெளியையும் பொறுத்து, பின்னவனுக்குக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சமாகிறது. மிதிப்பது இரண்டு பேரும்தான். ஆனால் களைப்பு ஒன்றல்ல.

இதைச் சுற்றித்தான் அணி முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு அணியில் வெல்லக்கூடியவர் ஒருவரோ இருவரோதான். மீதிப் பேர் அவருக்காகக் காற்றை வாங்குகிறவர்கள். காரிலிருந்து தண்ணீர் பாட்டில் சுமந்து வருகிறவர்கள். அவர் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கிறவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'டொமெஸ்டிக்'. வீட்டு வேலைக்காரர் என்று பொருள்! கேலியாக வைத்த பெயர். பிறகு மரியாதைக்குரிய பெயராகவே நிலைத்துவிட்டது.

அதிலும் 'லீட்-அவுட்' என்று ஒரு தனி வேலை உண்டு. பந்தயத்தின் கடைசி ஒரு கிலோமீட்டரில் தன் அணியின் ஸ்பிரிண்ட் வீரரைப் பின்னால் ஒட்ட வைத்துக்கொண்டு, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டி உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். கோடு தெரியும் தூரத்தில், ஏறக்குறைய 200 மீட்டர் இருக்கும்போது, ஒதுங்கி வழி விட வேண்டும். பின்னால் இருந்தவர் பாய்ந்து போய்க் கையைத் தூக்குவார். கேமரா அவரைப் பிடிக்கும். லீட்-அவுட் கொடுத்தவர் எங்கோ பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். ரிசல்ட் தாளில் அவர் பெயருக்கு நேரே ஒரு சாதாரண எண் இருக்கும். அவ்வளவுதான்.

டேரில் இம்பி இந்த வேலையில் கெட்டிக்காரர்.

ஜோகன்னஸ்பர்க் பையன்

இம்பி பிறந்தது 1984 டிசம்பர் 6, ஜோகன்னஸ்பர்க்கில். அப்போது தென்னாப்பிரிக்காவில் இனவெறி ஆட்சி. கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது. அதனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக் முதற்கொண்டு அந்த நாட்டை உலகம் மைதானத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. அந்தத் தடை நியாயமானதே. நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தபோது இம்பிக்கு 5 வயது. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்கா மறுபடி கலந்துகொண்டபோது 7 வயது. வெள்ளைக்காரக் குடும்பத்துப் பையன்தான் என்றாலும், நாடு திறந்த பிறகு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அவருக்கு முன்னால் வழி போட்டவர் ராபர்ட் ஹண்டர். 2007 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், மார்செய் நகரிலிருந்து மோன்பெலியே நகர் வரையிலான ஓட்டத்தை வென்று, அந்தப் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்தை வென்ற முதல் தென்னாப்பிரிக்கர் ஆனார். ஓட்டியது பார்லோவேர்ல்ட் அணிக்காக. அடுத்த ஆண்டே, 2008-இல், இம்பி அதே அணியில் சேர்ந்தார். மோன்பெலியே என்ற ஊர்ப்பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அங்கே வருவோம்.

தொடக்கம் பூப்பாதையாக இல்லை. 2009 ஏப்ரலில் துருக்கி நாட்டுப் பந்தயம். கடைசி நாள் வரை இம்பிதான் முன்னணி. கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது இன்னொரு அணி வீரர் ஒருவரின் கை இவர் சட்டையில் மாட்டி இழுக்க, இருவரும் வேலியில் மோதி விழுந்தார்கள். இம்பிக்கு முதுகெலும்பில் முறிவு. கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுகிறவருக்கு, அவர் வந்துகொண்டிருந்த கூட்டத்தின் நேரத்தையே கொடுக்க வேண்டும் என்று சைக்கிள் பந்தயத்தில் ஒரு விதி இருக்கிறது. பந்தயத்தின் மொத்த வெற்றி அவருக்கே போனது. ஒரு வெளிநாட்டுப் பந்தயத்தின் மொத்தப் பட்டமும் உடைந்த முதுகெலும்பும் ஒரே நாளில் கிடைத்தன!

2010-இல் அமெரிக்க அணியான ரேடியோஷாக்கில் ஓட்டினார். 2011-க்கு ஓர் ஆஸ்திரேலிய அணியோடு ஒப்பந்தம் போட்டார். அந்த அணிக்கு உரிமம் கிடைக்காமல், சீசன் தொடங்கும் முன்பே கலைந்துவிட்டது. கையில் வேலை இல்லை. சொந்த நாட்டு அணியான எம்.டி.என்.-குபெக்காவில் சேர்ந்து, நடு ஆண்டில் நெட்ஆப் என்ற ஜெர்மன் அணிக்கு மாறி, எப்படியோ தள்ளினார். படித்து முடித்துவிட்டு அப்ரண்டிஸுக்கு அலைகிற நம்ம சீனியர் அண்ணன்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் புரியும்.

2012-இல் ஆஸ்திரேலியாவில் கிரீன்எட்ஜ் என்ற புதிய அணி தொடங்கியது. அதில் இம்பிக்கு இடம் கிடைத்தது. வேலை என்ன? லீட்-அவுட். அவ்வப்போது வாய்ப்புக் கிடைத்தால் தனக்காகவும் ஓட்டலாம். ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் 2012, 2013 இரண்டு ஆண்டுகளிலும் ஒவ்வொரு நாள் ஓட்டத்தை வென்றார்.

பஸ் மாட்டிய கதை

இனி 2013 டூர் டி பிரான்ஸ். 1903-இல் தொடங்கிய பந்தயத்துக்கு அது 100-வது முறை. 22 அணிகள், அணிக்கு 9 பேர், மொத்தம் 198 வீரர்கள். 21 நாள் ஓட்டம், சுமார் 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் 'ஸ்டேஜ்' என்கிறார்கள். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, யாருக்கு மொத்த நேரம் குறைவோ அவருக்கு மறுநாள் மஞ்சள் சட்டை. 1919 முதல் இருக்கும் வழக்கம் அது.

முதல் நாள், ஜூன் 29, கோர்சிகா தீவு. வீரர்கள் ரோட்டில் வந்துகொண்டிருக்கும்போதே, இம்பியின் ஆரிக்கா-கிரீன்எட்ஜ் அணியின் பஸ் கோட்டுக்கு மேலே கட்டியிருந்த இரும்பு வளைவுக்கு அடியில் நுழையப் பார்த்து, மேற்கூரை மாட்டிக்கொண்டது! முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. வீரர்கள் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டையே வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று அறிவித்தார்கள். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? டயரில் இருந்த காற்றை இறக்கிவிட்டார்கள். பஸ் சில அங்குலம் தாழ்ந்தது, வெளியே வந்தது. பஸ்ஸை வெட்டவில்லை, வளைவைப் பிரிக்கவில்லை. நம்ம ஒர்க்‌ஷாப்பில் மாஸ்டர் அடிக்கடி சொல்வாரே, "மொதல்ல யோசி, அப்புறம் சுத்தியல எடு" என்று, அந்தக் கணக்குத்தான்.

உலகமே அந்த அணியைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 1. கோர்சிகாவின் கால்வி ஊரில் மூன்றாவது ஸ்டேஜ் முடிகிறது. இம்பி முன்னால் நின்று காற்றை வாங்கி லீட்-அவுட் கொடுக்க, அவர் பின்னாலிருந்து பாய்ந்த ஆஸ்திரேலிய வீரர் சைமன் கெரான்ஸ் மயிரிழையில் ஜெயித்தார். பத்திரிகைகளில் கெரான்ஸ் படம்.

மறுநாள் ஜூலை 2, நீஸ் நகரில் அணி நேரப்பந்தயம். ஒரே அணியின் ஒன்பது பேரும் வரிசையாக ஒட்டிப் போக வேண்டியிருந்தது. ஐந்தாவதாக வந்தவர் கோட்டைத் தொட்ட நேரம்தான் அன்று அணியின் நேரம். இதில் யாரும் தனி ஹீரோவாக முடியாது. முன்னால் போகிறவன் சில விநாடி காற்றை வாங்கிவிட்டு ஒதுங்கி, வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அடுத்தவன் முன்னால் வர வேண்டும். ஒருவன் வீம்புக்கு வேகத்தைக் கூட்டினால் வரிசை அறுந்துவிடும். 25 கிலோமீட்டர் தூரத்தை ஆரிக்கா-கிரீன்எட்ஜ் அணி 25 நிமிடம் 56 விநாடியில் முடித்தது. சராசரி மணிக்கு 57.8 கிலோமீட்டர். அதுவரை டூர் வரலாற்றில் இந்த வகைப் பந்தயத்தில் இல்லாத வேகம். இரண்டாவது வந்த அணிக்கும் இவர்களுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு விநாடிகூட இல்லை! அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 16 மீட்டர். அதற்கும் குறைவான தூரத்தில் ஜெயித்தார்கள். ஒன்பது பேரில் ஒருவர் ஒரே ஒரு முறை சோம்பியிருந்தால் போயிருக்கும்.

மஞ்சள் சட்டை கெரான்ஸுக்கு வந்தது. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். இம்பிக்கும் கெரான்ஸுக்கும் மொத்த நேரம் ஒன்றே. விநாடி வித்தியாசம் இல்லை. நேரம் சமமாக இருந்தால், தினமும் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கூட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டலில் கெரான்ஸ் முன்னால் இருந்தார். சட்டை அவருக்கு.

ஐந்து விநாடி

ஜூலை 4, ஆறாவது ஸ்டேஜ். எக்ஸ்-ஆன்-பிரோவான்ஸ் நகரிலிருந்து மோன்பெலியே வரை 176.5 கிலோமீட்டர். ஆமாம், ஹண்டர் ஜெயித்த அதே மோன்பெலியே!

சமதள ஓட்டம். கூட்டமாகவே கோட்டுக்கு வருவார்கள். கூட்டமாக வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரம். ஆனால் நடுவே இடைவெளி விழுந்துவிட்டால், அதற்குப் பின்னால் வருகிறவர்களுக்குத் தனி நேரம். அன்று ஸ்டேஜை ஜெர்மன் வீரர் ஆந்த்ரே கிரைப்பெல் வென்றார். இம்பி முன் கூட்டத்தோடு வந்தார். மஞ்சள் சட்டை போட்டிருந்த கெரான்ஸோ சற்றுப் பின்னால், ஐந்து விநாடி தாமதமாக வந்தார்.

ஐந்து விநாடி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சமமாக இருந்த கணக்கு சாய்ந்தது. மஞ்சள் சட்டை இம்பியிடம் வந்தது. டூர் டி பிரான்ஸில் அந்தச் சட்டையைப் போட்ட முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

கெரான்ஸ் களைத்துப் பின்தங்கவில்லை. தெரிந்தே விட்டுக்கொடுத்தார். தனக்கு அந்தச் சட்டை கிடைத்ததில் இம்பியின் உழைப்புப் பெரும்பங்கு, அதனால் அதை அவருக்குக் கொடுப்பதுதான் அழகு என்ற பொருளில் அவரே பேசினார். உலகத்தில் எத்தனையோ சைக்கிள் வீரர்கள் வாழ்நாள் முழுவதும் ஒரு நாளாவது போட்டுப் பார்க்க மாட்டோமா என்று ஏங்குகிற சட்டை அது. அதை இரண்டு நாள் போட்ட ஒருவர், மூன்றாவது நாளும் வைத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தும், "இந்தா, இனி நீ போடு" என்று கொடுத்தார்.

அந்த நாட்களில் தென்னாப்பிரிக்காவே கவலையில் இருந்தது. நெல்சன் மண்டேலா ஜூன் முதல் ஆஸ்பத்திரியில். அந்த வேளையில் இம்பியின் செய்தி அந்த நாட்டுக்கு ஓர் ஆறுதல் சேதியாகப் போய்ச் சேர்ந்தது.

ஜூலை 5, ஜூலை 6 இரண்டு நாளும் இம்பி மஞ்சள் சட்டையில் ஓட்டினார். ஜூலை 6 அன்று பிரெனீஸ் மலை வந்தது. மலை அவருடைய களம் அல்ல. கிறிஸ் புரூம் ஜெயித்துச் சட்டையை எடுத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், புரூமும் கென்யாவில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பள்ளியில் படித்தவர், ஓட்டியது பிரிட்டனுக்காக. சட்டையைக் கொடுத்த மறுநாள் இம்பி என்ன செய்தார்? பழையபடி தன் அணிக்காகக் காற்றை வாங்கப் போய்விட்டார்.

மேசையில் இருந்த தூசு

நல்ல காலத்துக்குப் பின்னால் கெட்ட காலம் வரிசையில் நின்றது.

2014 பிப்ரவரி. டர்பனில் தென்னாப்பிரிக்க தேசியச் சாம்பியன் போட்டி. 1860 முதல் நம் ஊர்ப் பக்கத்து ஜனங்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போய் இறங்கினார்களே, அதே டர்பன். பந்தயத்தின்போது எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் புரோபெனெசிட் என்ற மருந்து தெரிந்தது. இது கீல்வாதத்துக்குக் கொடுக்கிற பழைய மருந்து. சைக்கிளை வேகமாக்குகிற சக்தி எதுவும் இதற்கு இல்லை. ஆனால் சில பொருட்கள் சிறுநீரகம் வழியே வெளியேறுவதை இது தடுக்கும். ஊக்க மருந்து சாப்பிட்டவன் சோதனையில் மாட்டாமல் இருக்க இதைத் திரையாகப் பயன்படுத்தலாம். அதனால் தடைப் பட்டியலில் உண்டு.

செய்தி வெளியானது 2014 ஜூலைத் தொடக்கத்தில், அந்த ஆண்டு டூர் ஆரம்பிக்கச் சில நாள் இருக்கும்போது. அணியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. இந்தத் துறையில் விதி மிகக் கறாரானது: உன் உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு நீதான் பொறுப்பு. "எனக்குத் தெரியாது" என்றால் போதாது, எப்படி வந்தது என்று நீயே காட்ட வேண்டும். சைக்கிள் பந்தய உலகம் முன்பு ஊக்க மருந்தால் நாறிப்போன உலகம். "நான் சாப்பிடவில்லை" என்று சத்தியம் செய்து பிறகு ஒப்புக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அதனால் இம்பி சொன்னதை நம்ப ஆள் குறைவாகவே இருந்திருப்பார்கள். ஒரு வருடம் முன்பு கொண்டாடிய அதே பெயர்!

என்ன நடந்தது என்று பின்னால் தெரிந்தது. போட்டிக்கு முன் இம்பி ஒரு மருந்துக் கடையில் வெறும் ஜெலட்டின் காப்ஸ்யூல் கூடுகள் வாங்கினார். சோடா உப்பை அதில் அடைத்து விழுங்குவதற்காக. சோடா உப்பு தடை செய்யப்பட்டதல்ல. மருந்தாளுநர் மாத்திரை எண்ணுகிற தட்டில் வைத்து அந்தக் கூடுகளை எண்ணிக் கொடுத்தார். அதே தட்டில், அதே நாளில் சற்று முன்பு, வேறொரு வாடிக்கையாளருக்குப் புரோபெனெசிட் மாத்திரை எண்ணப்பட்டிருந்தது. இடையில் தட்டைத் துடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத தூசு கூட்டில் ஒட்டியது, கூட்டிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து சோதனைக் குழாய்க்கு.

முதலில் எந்த மருந்து எண்ணப்பட்டது, அதன் பின்னால் எது என்ற வரிசையை விசாரணைக் குழு முன் எடுத்து வைத்தார்கள். குழு அதை ஏற்றது. 2014 ஆகஸ்ட் இறுதியில், இம்பி மீது எந்தத் தவறும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. செப்டம்பரில் கனடாவுக்குப் போய் ஆல்பர்ட்டா பந்தயத்தை மொத்தமாக ஜெயித்துவிட்டு வந்தார்! ஆனால் போன டூர் போனதுதான். அதை எந்தத் தீர்ப்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

நண்பர்களே, இந்தப் பகுதியை நாம் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒரு தட்டைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுவும் ஐந்து விநாடிதான். லேத்தில் வேலை முடிந்ததும் சில்லுகளைத் துடைத்துவிட்டுப் போ என்று சொன்னால் நாம் முகம் சுளிக்கிறோம். வெர்னியரைத் துடைக்காமல் ரீடிங் எடுக்கிறோம். லேப் ரெக்கார்டைக் கடைசி வாரம் பக்கத்து பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதுகிறோம். "யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறோம். நஷ்டம் நமக்கு வராது. நாம் பெயர்கூடக் கேட்டிராத ஒருவனுக்கு வரும். ஒருநாள் அவனைக் காப்பாற்றுவதற்கு நம்மிடம் உண்மையான ரெக்கார்டு வேண்டும்.

தனக்காகவும் ஒரு நாள்

அதன் பிறகு இம்பி ஒன்பது வருஷம் ஓட்டினார். 2018-இல் ஆஸ்திரேலியாவின் டூர் டவுன் அண்டர் பந்தயத்தில், ஆறு நாள் முடிந்தபோது இவருக்கும் ரிச்சி போர்ட் என்ற உள்ளூர் நட்சத்திரத்துக்கும் மொத்த நேரம் விநாடி பிசகாமல் சமம். தினமும் எத்தனையாவது இடம் என்று கூட்டிப் பார்த்தார்கள். எந்தக் கூட்டல் 2013-இல் இவரைக் கெரான்ஸுக்குப் பின்னால் வைத்ததோ, அதே கூட்டல் இந்த முறை இவரை முன்னால் வைத்தது! 2019-இல் மறுபடியும் ஜெயித்தார். அந்தப் பந்தயத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்ற முதல் வீரர் இம்பிதான்.

2019 ஜூலை 14. பிரான்சின் தேசியத் திருநாள். டூரின் ஒன்பதாவது ஸ்டேஜ், செயின்ட்-எத்தியேன் நகரிலிருந்து பிரியூத் வரை 170.5 கிலோமீட்டர். அன்று முன்னால் பிரிந்து போன கூட்டத்தில் இம்பியும் இருந்தார். கடைசியில் பெல்ஜிய வீரர் டீஷ் பெனூட்டும் இவரும் மட்டும் மிஞ்சினார்கள். இருவர் ஸ்பிரிண்ட். இம்பி ஜெயித்தார். வயது 34. ஹண்டருக்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டு கழித்து, டூரில் ஸ்டேஜ் வென்ற இரண்டாவது தென்னாப்பிரிக்கர். அன்று அவர் முன்னால் காற்றை வாங்க யாரும் இல்லை. எல்லாம் சொந்தக் கால்.

2021-இல் இஸ்ரேல் அணிக்கு மாறினார். அதே ஆண்டு ஹங்கேரியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. "முடிந்தது கதை" என்று நினைத்தவர்களுக்கு 2022-இல் சுவிட்சர்லாந்துப் பந்தயத்தில் ஒரு ஸ்டேஜை ஜெயித்துக் காட்டினார். 2023 சீசனோடு சைக்கிளை நிறுத்தினார்.

அவர் திறந்த கதவு வழியே மற்றவர்களும் வந்தார்கள். 2015-இல் ஆப்பிரிக்காவில் பதிவான அணி ஒன்று, இம்பி ஒரு காலத்தில் ஒண்டியிருந்த அதே எம்.டி.என்.-குபெக்கா, முதல் முறையாக டூரில் கலந்துகொண்டது. எரித்திரியா நாட்டின் பினியம் கிர்மாய் 2024 டூரில் மூன்று ஸ்டேஜ் வென்று, பச்சைச் சட்டையோடு வீடு திரும்பினார். டூரில் ஸ்டேஜ் வென்ற முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் அவர். முன்னால் ஒருவன் காற்றைக் கிழித்தால் பின்னால் வருகிறவனுக்குக் கொஞ்சம் இலகு. இது ஒரு பந்தயத்துக்கு மட்டும் உள்ள விதியல்ல.

ஒரு வாக்குமூலம்

கட்டுரை இதோடு முடியலாம். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் பிராஜக்ட் பேட்சில் ஆறு பேர். பிரேம் முழுவதையும் வெல்டிங் செய்தவன் ஒருவன். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்குப் பிடிக்காது. மூன்று சனி ஞாயிறு வீட்டுக்குப் போகாமல் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தான். கண் சிவந்து தண்ணீர் கொட்டும். வைவா அன்று எக்ஸ்டர்னல் கேள்வி கேட்டார், இங்கிலீஷில். அவன் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். சார்ட்டைக் காட்டி மளமளவென்று சொன்னேன். எக்ஸ்டர்னல் பிரேமைத் தட்டிப் பார்த்து, "குட் வெல்டிங்" என்றார், என்னைப் பார்த்து. நான் "தேங்க்யூ சார்" என்றேன்.

அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், "நல்லா பேசினடா" என்று என் தோளில் தட்டினான். மார்க் வந்தபோது அவனைவிட எனக்கு அதிகம்.

மோன்பெலியேயில் கெரான்ஸ் செய்ததைப் படித்த நாளிலிருந்து அந்த "தேங்க்யூ சார்" என்னை விடவில்லை. மணிப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன்: "சார், இந்த வெல்டிங் நான் பண்ணல, இவன்தான் பண்ணினான்." ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

அடுத்த வருஷம் வைவாவுக்கு நிற்கப் போகிற தம்பி தங்கைகளே! உங்கள் பேட்சிலும் முன்னால் காற்று வாங்குகிற ஒருவன் இருப்பான், ஒருத்தி இருப்பாள். அந்த ஐந்து விநாடியை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அது என் சர்ட்டிபிகேட்டில் மார்க்காக இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை